கை யாருடையது என்பது கடைசிக் கேள்வி: 2023 மார்ச் வதந்தி, ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்றொரு பொய் பரவியது. பாட்னா சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பியது. திருப்பூர், கோவை, சென்னை வட்டாரத்தில் வேலை செய்த வடமாநிலத் தொழிலாளர்களின் குடும்பங்கள் போனில் அழைத்து, உடனே கிளம்பி வரச் சொல்லின. இதில் அந்நிய நாடு எதன் கையும் இருந்ததாகப் பதிவில்லை. வழக்குகளில் பெயர் வந்தவர்கள் இந்நாட்டவர்கள்.

பிறகு ஏன் இதை அந்நியத் தலையீட்டை எதிர்கொள்வதற்கான பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும்? வெளிநாட்டு உளவு அமைப்பு ஒன்று தமிழ்நாட்டைக் குறிவைத்தால், அது புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்காது. ஏற்கெனவே இருக்கும் விரிசலில்தான் கை வைக்கும், இதே பாதையில்தான் போகும். அந்தப் பாதையில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் விரயமானது, எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகத் தெளிவான பதிவு இந்த நிகழ்வுதான்.

வரிசை

ஜனவரி இறுதியில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர் இளைஞர்களைத் துரத்தும் வீடியோ ஒன்று தமிழ்க் குழுக்களில் சுற்றியது. “வடக்கன் நம்மை அடிக்கிறான்” என்ற தொனி. பிப்ரவரியில் அதற்கு மறுபக்கம் வந்தது. ஓடும் ரயிலின் பொதுப் பெட்டியில் ஒருவர் வடமாநிலப் பயணிகளைத் திட்டி அடிக்கும் வீடியோ. அது உண்மை, ரயில்வே போலீஸார் ஆளைக் கைது செய்தார்கள். இரண்டையும் அன்றைக்குச் சட்டம் ஒழுங்கு விஷயமாக மட்டுமே பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு கதைக்கு விதை போடுகின்றன என்று யாரும் குறித்துவைத்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 1 அன்று சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினின் 70ஆவது பிறந்தநாள் பொதுக்கூட்டம். பீகார் துணை முதலமைச்சர் தேஜஸ்வி யாதவ் மேடையில் இருந்தார். இந்தி ஊடகத்திலும் ட்விட்டரிலும் தாக்குதல் கதை உச்சிக்கு ஏறியது அதே நாட்களில்தான். “அங்கே நம் ஆட்கள் சாகிறார்கள், இவர் விழாவில் இருக்கிறார்” என்ற வாக்கியம் யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குத் தயாராகக் கிடைத்தது. இந்தியில் பேசியதற்காகப் பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்பட்டதாக, வேறொரு மாநிலத்தின் கட்சிச் செய்தித் தொடர்பாளர் பதிவிட்டார். இந்தி நாளேடு ஒன்றும் கொலைக்கணக்கைச் செய்தியாக்கியது.

மார்ச் 2 அன்று பீகார் முதலமைச்சர் நிதீஷ் குமார், செய்தித்தாள் வழியாகத் தகவல் அறிந்ததாகவும் தமிழ்நாட்டு அதிகாரிகளிடம் பேசும்படி தம் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருப்பதாகவும் ட்வீட் செய்தார். அன்றே தமிழ்நாட்டு டிஜிபி சைலேந்திரபாபு வீடியோ வாயிலாக மறுப்பு வெளியிட்டார். மார்ச் 4 அன்று ஸ்டாலின் நிதீஷிடம் தொலைபேசியில் பேசினார். பீகார் குழு வந்து, அதிகாரிகளையும் தொழிலாளர்களையும் சந்தித்தது. அதன் பிறகுதான் சூடு தணிந்தது.

மறுப்பு வந்த பிறகும் பொய் உற்பத்தி நிற்கவில்லை என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டுப்போட்ட முகங்களோடு “தப்பி வந்த தொழிலாளர்கள்” பேசும் வீடியோ ஒன்று அடுத்த சில நாட்களில் வந்தது. அது பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் எடுக்கப்பட்டது என்று பீகார் போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு கண்டுபிடித்தது. பழைய சரக்குத் தீர்ந்ததும் புதிய சரக்கு தயாரானது. மறுப்புக் கொடுத்தாயிற்று என்று கட்டுப்பாட்டு அறையைக் கலைத்திருந்தால் இந்த இரண்டாம் அலை கண்ணில் பட்டிருக்காது.

ஏன் ஒட்டியது

மார்ச் 8 ஹோலி. அதற்கு முந்தைய வாரத்தில் சென்னை சென்ட்ரலிலும் கோவையிலும் பாட்னா, தன்பாத் பக்கம் போகும் ரயில்களில் ஏற இடமிருக்காது. ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான். பொதுப் பெட்டி வாசலில் தொங்கும் கூட்டத்தைப் படமெடுத்து “உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்” என்று தலைப்பு வைத்தால் போதும். படத்தில் ஒரு பிக்சலைக்கூட மாற்ற வேண்டாம். செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சில் இது மறந்துபோகிறது. 2023 மார்ச்சில் சுற்றியவற்றில் கணிசமானவை உண்மையான படங்கள். பொய்யாக இருந்தது தலைப்பும் இடமும் தேதியும்.

ஹோலியும் அரசியல் மேடையும் நாள்காட்டியில் இருப்பவை. அந்நியத் தலையீட்டுக்குத் திட்டமிடுகிறவர் முதலில் எடுப்பதும் நாள்காட்டியைத்தான். ஆகவே தற்காக்கும் தரப்பும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். சென்னைக்கு அப்படியொரு பட்டியல் போட அரை நாள் போதும்: ஹோலி, சத் பூஜை, தீபாவளி ரயில் நெரிசல், மீனவர் கைது நடக்கும் காலம், காவிரி உத்தரவு வரும் நாட்கள், வடகிழக்குப் பருவமழையில் ஏரி திறப்பு, நீட் முடிவு, வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் நேராக, வரக்கூடிய பொய் எது, அதை மறுக்கத் தேவையான ஆதாரம் எந்த அலுவலகத்தில் எந்த வடிவில் இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். ஹோலிக்கு வேண்டிய ஆதாரம் முந்தைய மூன்று ஆண்டுகளின் அதே வாரத்து முன்பதிவில்லாத டிக்கெட் விற்பனை எண்ணிக்கை. ரயில்வேயிடம் பிப்ரவரியிலேயே கேட்டுவாங்கி வைத்திருந்தால், கூட்டத்தின் படம் வந்த ஒரு மணி நேரத்தில் பதில் போயிருக்கும்.

ஒரு வீடியோவை உரித்துப் பார்த்தால்

டிஜிபியின் மறுப்பு எடுபட்டதற்கு அதன் குறிப்பான தன்மை ஒரு காரணம். சுற்றும் வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது என்று இரண்டையும் பிரித்துச் சொன்னார். “வதந்தியை நம்ப வேண்டாம்” என்ற பொத்தாம்பொதுவான வரிக்கு இந்தப் பலம் இல்லை. தகவல் சரிபார்ப்பவர்கள் மூன்றாவதாக ஒன்றையும் பிடித்தார்கள். அது ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை.

இத்தகைய வீடியோவைச் சரிபார்க்கும் முறை சிக்கலானதல்ல, ஆனால் வரிசை முக்கியம். முதல் வேலை சேமிப்பது. பதிவின் முழு முகவரி, கணக்கின் பெயர், பதிவேறிய நேரம், அப்போதைய பார்வை எண்ணிக்கை, ஸ்கிரீன்ஷாட், அசல் கோப்பு ஆகியவற்றை எடுத்த பிறகே அடுத்த வேலையில் கை வைக்க வேண்டும். நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்துவிட்டுச் சேமிக்கப் போனால் ஆதாரம் போய்விடும்; நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். கோப்பு கைக்கு வந்ததும் அதன் எஸ்எச்ஏ-256 கையொப்பத்தை, அதாவது கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை, கணக்கிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் இந்த மதிப்பைக் கேட்கிறார்கள். சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள்: முதலாவது கோப்பைத் தருபவருடையது, இரண்டாவது நிபுணருடையது. இரண்டாவதை மறந்துவிட்டு வழக்குக்குப் போகிறவர்கள் உண்டு.

அடுத்தது காட்சிகளைப் பிரிப்பது. ஒரு நிமிட வீடியோவில் எட்டுப் பத்து தெளிவான காட்சிகளை இன்விட் போன்ற கருவியால் பிரித்து, கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ் என்ற இரண்டு படத் தேடுபொறிகளிலும் தேட வேண்டும். ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கண்ணை நம்ப வேண்டியதுதான். கடைப் பலகை எந்த எழுத்தில் இருக்கிறது? வண்டி எண் எந்த மாநிலம்? போலீஸ்காரர் தொப்பியும் தோள்பட்டை அடையாளமும் எந்த ஊருடையவை? மின்கம்பத்தின் வடிவம், பேருந்தின் நிறம், தெருவில் நிற்பவர்கள் பேசும் மொழி. தமிழ்நாட்டுத் தெருவில் முப்பது விநாடி ஓடும் வீடியோவில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கண்ணில் படாமல் இருப்பது அபூர்வம். ஒரு போஸ்டராவது இருக்கும். பிறகு, படத்தில் தெரிவதை இந்தியில் நான்கைந்து சொல்லாக்கி, முந்தைய இருபது நாள் செய்திகளில் தேட வேண்டும். ஆங்கிலத்திலும் தமிழிலும் மட்டும் தேடினால் ஜோத்பூர்க் கொலை அகப்படாது.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பில் எடுத்த இடம், நேரம் பற்றிய தகவல் இருக்காது, அனுப்பும்போதே கழன்றுவிடும். ஒவ்வொரு முறை சுருக்கி அனுப்பும்போதும் கோப்பு கொஞ்சம் மாறுவதால், எஸ்எச்ஏ-256 மதிப்பும் மாறும். நீதிமன்றத்துக்கு ஏற்ற அந்தக் கையொப்பம், அதே வீடியோவின் வேறு பிரதிகளைத் தேட உதவாது. அதற்குப் பார்வைத் தோற்றத்தை வைத்துக் கணக்கிடும் பிடிக்யூ வகைக் கையொப்பம் வேண்டும். இரண்டும் இரண்டு வேலைக்கு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் செய்ய முயல்வது வீண்.

ஆடியோவுக்கு இவ்வளவு பிடிமானம் கிடையாது. 2023 ஏப்ரலில் அன்றைய தமிழ்நாட்டு நிதியமைச்சர் பேசியதாக இரண்டு துண்டுகள் வெளியாயின. அவர் ஜோடிக்கப்பட்டவை என்றார். வல்லுநர்கள் ஆராய்ந்தபோது இரண்டு துண்டுகளுக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை. இரைச்சலோடு அரை நிமிடம் ஓடும் தமிழ் ஆடியோவை “நூறு சதவீதம் போலி” என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடக்கூடிய கருவி இல்லை. அப்படிச் சொல்பவரைக் குழுவில் வைத்துக்கொள்ளக் கூடாது. கருணாநிதியின் உருவத்தையும் ஜெயலலிதாவின் குரலையும் 2024இல் கட்சிகளே செயற்கையாகத் தயாரித்து வெளியிட்ட மாநிலம் இது. ஆடியோ விஷயத்தில் கேட்கக்கூடியது மூன்றுதான்: முழுப் பதிவு எங்கே, யார் பதிவுசெய்தது, பேசியதாகச் சொல்லப்படும் நேரத்தில் அவர் எங்கிருந்தார்.

எப்போது வாயைத் திறப்பது

பார்த்த பொய்க்கெல்லாம் மறுப்புக் கொடுத்தால், நூறு பேர் பார்த்ததை லட்சம் பேருக்கு நாமே கொண்டுபோய்ச் சேர்த்ததாகும். இதற்கு, இணையப் பொய்ப் பிரச்சார ஆய்வாளர் பென் நிம்மோ 2020இல் வகுத்த ஆறு படி அளவுகோல் கைகொடுக்கிறது. ஒரு தளத்தில் ஒரே குழுவுக்குள் சுற்றினால் முதல் படி. பல குழுக்களுக்கோ வேறொரு தளத்துக்கோ தாவினால் இரண்டு. பல தளங்கள், பல குழுக்கள் என்றால் மூன்று. செய்தி ஊடகம் எடுத்துக்கொண்டால் நான்கு. பிரபலம் ஒருவர் பரப்பினால் ஐந்து. அரசின் நடவடிக்கையோ வன்முறைக்கான அழைப்போ வந்தால் ஆறு.

2023 மார்ச் நிகழ்வை இதில் வைத்துப் பார்த்தால், டிஜிபி பேசியபோது கதை ஏற்கெனவே நாளேட்டில் ஏறி முதலமைச்சர் ஒருவரின் ட்வீட் வரை போயிருந்தது. அதாவது ஆறாம் படியின் வாசல். அதற்கு மேல் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 2018 மே மாதம் சாட்சி. குழந்தை கடத்தல் வதந்தியில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அந்தக் காலகட்டத்தில் இந்தியாவெங்கும் சுற்றிய கடத்தல் வீடியோக்களில் ஒன்று கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விளம்பரம். கடைசியில் குழந்தையைத் திரும்ப விடும் பகுதியை மட்டும் வெட்டியிருந்தார்கள். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டும் ஃபார்வர்டு என்று வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை ஃபார்வர்டு ஆனவற்றுக்கு வரம்பு ஒன்றாகச் சுருங்கியது.

நம் பரிந்துரை: முதல் படியில் கண்காணிப்பு மட்டும். இரண்டில் மறுப்பின் வரைவும் ஆதாரமும் தயாராக இருக்க வேண்டும். மூன்றுக்குத் தாவும் அறிகுறி தெரிந்ததும், பொது மறுப்புக்கு முன் பத்திரிகை ஆசிரியர்களுக்குத் தனியாகத் தகவல். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும் இடைவெளிதான் தடுக்கக்கூடிய கடைசி இடம், 2023இல் கோட்டை விட்டதும் அங்கேதான். சென்னையிலிருந்து பாட்னா, ராஞ்சி, லக்னோ செய்தி அறைகளின் இரவுப் பணி ஆசிரியர்களை அழைக்க ஒரு எண் பட்டியலும், இந்தியில் பேச ஓர் ஆளும் இருந்தால் போதும்.

இன்னொன்று, இலக்கு யார் என்பது. பொய்யின் இலக்கு திருப்பூர்த் தொழிலாளி அல்ல. அவர் கண்ணெதிரே நிலைமை தெரிகிறது. பீகாரின் சீவானிலும் தர்பங்காவிலும் இருக்கும் அவருடைய அம்மாவும் மனைவியும்தான் இலக்கு. தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியான மறுப்பு அவர்களை எட்டாது. மாவட்ட போலீஸ் அதிகாரிகள் இந்தியில் பேசி வெளியிட்ட வீடியோக்களும், பீகார் அதிகாரிகள் நேரில் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தையும்தான் எட்டின. பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் தரப்பின் ஆட்களையே அழைத்துக் காட்டுவதைவிட வலுவான மறுப்பு இல்லை. நான்கு அதிகாரிகளுக்கான விமானக் கட்டணத்தில் கிடைத்த பலன் அது.

கை யாருடையது

வெளிநாட்டுச் சதி என்ற சொல்லை முதல் நாளே எடுப்பவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். ஆதாரம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்தான் வரும். பொய் அதுவரை காத்திருக்காது.

2017 பிரெஞ்சு அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்ளலாம். மே 5, வெள்ளி மாலை, வேட்பாளர் மக்ரோனின் பிரச்சாரக் குழுவிலிருந்து திருடப்பட்ட சுமார் 9 ஜிபி கோப்புகள் இணையத்தில் கொட்டப்பட்டன. நள்ளிரவோடு, பிரச்சாரம் செய்யக் கூடாத பிரச்சார மௌனம் தொடங்குகிறது, ஞாயிறு வாக்குப்பதிவு. மக்ரோன் தரப்பின் அறிக்கை இரவு 11.56க்கு வெளிவந்தது, மௌனத்துக்கு நான்கு நிமிடம் முன்பாக. திருடப்பட்டவை, அவற்றோடு போலிகளும் கலந்திருக்கின்றன என்பதே அதன் சாரம். அது வெற்று வாதமல்ல. தங்களைக் குறிவைக்கிறார்கள் என்று முன்பே தெரிந்ததால், போலி மின்னஞ்சல் கணக்குகளையும் பொய் ஆவணங்களையும் அவர்களே நிரப்பி வைத்திருந்தார்கள். மறுநாள் தேர்தல் பிரச்சாரக் கண்காணிப்பு ஆணையம், இவற்றை வெளியிட வேண்டாம் என்று ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. பெரிய ஊடகங்கள் கேட்டன. யார் செய்தது? அந்த ஜூனில் பிரான்ஸின் சைபர் பாதுகாப்புத் தலைவர், இது யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய அளவுக்குச் சாதாரணமான தாக்குதல் என்றார். ரஷ்ய ராணுவ உளவுத்துறையை பிரெஞ்சு அரசு பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது 2025 ஏப்ரலில். பதில் சில மணி நேரத்தில், அடையாளம் எட்டு ஆண்டு கழித்து.

ருமேனியா வேறு வழியில் போனது. அதன் அதிபர் தேர்தலின் 2024 நவம்பர் 24 முதல் சுற்றில், செலவே செய்யவில்லை என்று கணக்குக் காட்டிய வேட்பாளர் கலின் ஜார்ஜெஸ்கு, டிக்டாக் அலையில் முதலிடம் பிடித்தார். தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான கணக்குகள் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு விழித்தெழுந்ததாக உளவு ஆவணங்கள் சொன்னன. அவை பொதுவெளிக்கு வந்தது வாக்குப்பதிவு முடிந்து பத்து நாள் கழித்து. டிசம்பர் 6 அன்று, வெளிநாட்டில் இருப்பவர்கள் இரண்டாம் சுற்றுக்கு வாக்களிக்கத் தொடங்கிவிட்ட நிலையில், அரசியலமைப்பு நீதிமன்றம் முழுத் தேர்தலையும் ரத்து செய்தது. 2025 மே மாதம் மறுதேர்தல் நடந்தது. தீர்ப்புச் சரியா என்று இன்றும் சண்டை. கணக்குகளின் நடத்தை கண்ணுக்குத் தெரிந்த நவம்பர் இரண்டாம் வாரத்திலேயே அதைச் சொல்லியிருந்தால் இந்த அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்குமா என்பதுதான் நமக்கான கேள்வி.

ஆகவே முதல் நாளில் பேச வேண்டியது நடத்தையைப் பற்றி. ஒரே வாசகம் எத்தனை கணக்கில் ஒரே நிமிடத்தில் வந்தது, கணக்குகள் எப்போது திறக்கப்பட்டன, பெயரை எத்தனை முறை மாற்றின, இரவு எந்த மணிகளில் தூங்குகின்றன, விளம்பரக் கட்டணம் எந்த நாணயத்தில் கட்டப்பட்டது. 2016 அமெரிக்கத் தேர்தலுக்காக பேஸ்புக்கில் ரஷ்ய நிறுவனம் போட்ட விளம்பரங்கள் சிலவற்றுக்கு ரூபிளில் பணம் கட்டியிருந்தார்கள். அவ்வளவு சோம்பேறித்தனம் இனி கிடைக்காது என்றாலும் பார்க்காமல் விடக் கூடாது. இவற்றில் எதைச் சொல்லவும் “இன்ன நாடு” என்று சொல்ல வேண்டியதில்லை. 2024 மே மாதம், டெல் அவிவைச் சேர்ந்த ஸ்டோயிக் என்ற நிறுவனம் இந்தியத் தேர்தலை நோக்கி, பாஜகவை விமர்சித்தும் காங்கிரஸைப் பாராட்டியும் கருத்துகளை உற்பத்தி செய்யத் தொடங்கியதாகவும், தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் முடக்கியதாகவும் ஓபன்ஏஐ அறிவித்தது. பெரிய வரவேற்பு எதுவும் அதற்குக் கிடைத்திருக்கவில்லை. நிறுவனத்தைப் பிடிக்க முடிந்தது. பணம் கொடுத்தது யார் என்பது வேறு கேள்வி.

இந்தத் தொழிலில் இந்தியாவின் இடம் பாதிக்கப்பட்டவருடைய இடம் மட்டுமல்ல. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்கா ஆய்வகத்தில் தயாரித்தது என்ற சோவியத் கட்டுக்கதை முதலில் அச்சேறியது 1983 ஜூலையில், டெல்லியின் பேட்ரியட் நாளேட்டில், பெயரில்லாத “அமெரிக்க விஞ்ஞானி” எழுதிய கடிதமாக. 2020இல் ஐரோப்பிய ஆய்வுக் குழுவான ஈயூ டிஸ்இன்ஃபோலேப், இந்திய நலனுக்காக இயங்கிய நூற்றுக்கணக்கான போலி ஊடகத் தளங்களைப் பட்டியலிட்டது. இதைச் சேர்த்துச் சொல்லாமல் அந்நியத் தலையீடு பற்றிச் சென்னையில் பயிற்சி நடத்தினால், வகுப்பில் யாராவது ஒருவர் எழுந்து கேட்டுவிடுவார்.

கடைசி 48 மணி நேரம்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரச்சாரத்தை நிறுத்துகிறது. தாக்கப்பட்ட வேட்பாளர் பதில் சொல்லத் தயங்கும் நேரம் அது. 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, கட்சித் தலைவர் ஒருவர் தேர்தல் மோசடி பற்றிப் பத்திரிகையாளரிடம் பேசுவதுபோல் போலி ஆடியோ வந்தது. அங்கும் 48 மணி நேர மௌனம். முடிவை அது மாற்றியதா என்பதற்கு ஆதாரம் இல்லை. மாற்றியது என்று அடித்துச் சொல்பவர்கள், அடுத்த முறை தோற்பவருக்கு ஒரு சாக்கைத் தயார்செய்கிறார்கள்.

சென்னையில் இதற்கு யார் பொறுப்பு? கோட்டையில் தலைமைத் தேர்தல் அதிகாரி, ரிப்பன் மாளிகையில் மாவட்டத் தேர்தல் அதிகாரியாக மாநகராட்சி ஆணையர், போலீஸின் சைபர் குற்றப் பிரிவு, ஊடகச் சான்றளிப்பு–கண்காணிப்புக் குழு, 2023இல் வந்த மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகம். ஆட்கள் குறைவில்லை, முடிவெடுப்பவர் யார் என்பதுதான் குழப்பம். விதிமீறல் புகாருக்கு, தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் செயலியில் 100 நிமிடக் கெடு இருக்கிறது. பிரச்சாரத்தில் வரும் டீப்ஃபேக்கைத் தெரியவந்த மூன்று மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2024 மே 6 அன்று கட்சிகளுக்கு உத்தரவிட்டது. கட்சியே அல்லாத, எங்கிருந்தோ இயங்கும் கணக்குக்கு இந்த இரண்டும் பொருந்தாது.

கனடா 2019இல் ஒரு வழி செய்தது: தேர்தல் காலத்தில் பொது எச்சரிக்கை தேவையா என்று ஐந்து மூத்த அரசு அலுவலர்கள் தீர்மானிப்பார்கள், அமைச்சர்களுக்கு அதில் இடமில்லை. வரம்பை மிக உயரத்தில் வைத்ததால் 2019இலும் 2021இலும் அவர்கள் எதையும் அறிவிக்கவில்லை. பிறகு விவகாரம் விசாரணை ஆணையம் வரை போனது. இங்கே வைத்தால் மூன்று பேர் போதும்: தலைமைத் தேர்தல் அதிகாரி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், எந்தக் கட்சிக்கும் அலைவரிசைக்கும் சம்பந்தமில்லாத தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர். இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் அறிவிப்பு. வரம்பை முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும்: மூன்றாம் படியைத் தாண்டியது, வாக்களிப்பையோ உயிரையோ பாதிக்கக்கூடியது, நடத்தை செயற்கையானது என்பதற்குக் குறைந்தது இரண்டு தனித்தனி அறிகுறிகள்.

நேரக் கணக்கு இப்படி. தகவல் வந்த 15 நிமிடத்தில் சேமிப்பு முடிய வேண்டும். ஒரு மணி நேரத்தில் இடம், தேதி, அசல் பற்றிய முதல் மதிப்பீடு. “தெரியவில்லை” என்பதும் மதிப்பீடுதான். இரண்டு மணி நேரத்தில் மறுப்பு. தைவான் அமைச்சகங்கள் இரண்டு மணி நேரம், 200 எழுத்து, இரண்டு படம் என்று வைத்துக்கொண்ட இலக்கு பயன்பட்டதற்குக் காரணம், அது போனில் ஸ்க்ரோல் செய்யாமல் ஒரே திரையில் அடங்கியது. இங்கும் அளவுகோல் அதுவே: பிடிஎஃப் கூடாது, லெட்டர்ஹெட் ஸ்கேன் கூடாது. படம் ஒன்று, 30 விநாடி குரல் பதிவு ஒன்று, தமிழ், இந்தி, தெலுங்கு மூன்றிலும். முதல் வரியில் உண்மை, பொய்யை ஒரே ஒரு முறை, அதன் தலைப்பை அப்படியே திரும்பச் சொல்லாமல், மறுபடி உண்மை. பொய்ப் படத்தின் மேல் சிவப்பில் “போலி” என்று குத்தி அனுப்பும் வழக்கத்தை விட வேண்டும். முத்திரையை வெட்டிவிட்டுத் திரும்பச் சுற்ற விடுவார்கள்.

சட்டம் எங்கே கெடுக்கும்

2023இல் பீகார் யூடியூபர் ஒருவர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. பொய் பரப்பியதற்கான சாதாரண வழக்கே போதுமானதாக இருந்தது. தடுப்புக் காவல் அவரைத் தியாகியாக்கி, மாதக்கணக்கில் அவர் பெயரையே செய்தியில் வைத்திருந்தது. பீகாரில் ஆதரவுப் போராட்டமும் நடந்தது. பரவலைக் குறைப்பதற்கும் ஆளைத் தண்டிப்பதற்கும் வெவ்வேறு கருவிகள். முன்னதற்கு மணி நேரக் கணக்கு, பின்னதற்கு நீதிமன்றத்தின் வேகம். ஒன்றின் அவசரத்தை மற்றதில் காட்டினால் இரண்டும் கெடும்.

ஒன்றிய அரசின் பணி தொடர்பான செய்திகளில் எது பொய் என்று அரசின் சரிபார்ப்புப் பிரிவே குறிக்கலாம் என்ற விதியை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என்றது. மாநில அரசின் சரிபார்ப்பகத்துக்கும் அதே சந்தேகம் பொருந்தும். சாலைக் குழி பற்றிய புகாரையும் அந்நியப் பிரச்சாரத்தையும் ஒரே மேசையில் ஒரே முத்திரையால் குத்தினால், முக்கியமான நாளில் யாரும் நம்ப மாட்டார்கள். அரசு செய்ய வேண்டியது மூலத் தகவலை வேகமாக வெளியிடுவது. முத்திரை குத்துவதை வெளியிலிருக்கும் சரிபார்ப்பாளர்களிடம் விட்டுவிடுவது.

அந்த வெளியாட்களுக்குக் கண் தெரிவதே இப்போது கடினம். ட்விட்டர் 2023இல் இலவசத் தரவு வழியை மூடியது. பேஸ்புக் பதிவுகளின் பரவலைப் பார்க்க உதவிய கிரௌட்டாங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவு ஆய்வாளர்களுக்குத் தரவு கேட்கும் உரிமை தருகிறது. இந்தியாவில் அப்படி ஒன்றில்லை. அமெரிக்கா, அந்நியப் பொய்ப் பிரச்சாரத்தைக் கண்காணித்த தன் வெளியுறவுத் துறைப் பிரிவையும் எஃப்பிஐயின் அந்நியச் செல்வாக்குப் பணிக்குழுவையும் 2024 டிசம்பருக்குப் பிறகு ஒவ்வொன்றாக மூடிவிட்டதால், அங்கிருந்து வந்துகொண்டிருந்த முன்னறிவிப்பும் குறையும். தேர்தல் துண்டறிக்கையில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று 127ஏ பிரிவு சொல்கிறது. தெருவில் ஒட்டும் போஸ்டருக்கு இருக்கும் அந்தக் குறைந்தபட்ச ஒழுங்கை, பணம் கட்டிப் பரப்பும் ரீல்ஸுக்கும் கேட்பதில் கருத்துரிமைக்குப் பங்கம் எதுவுமில்லை.

நடைமுறையில் இத்தனையும் விழுந்துபோவது ஒரு சில்லறை விஷயத்தில். தேர்தலுக்கு முன் ஒரே இடத்தில் மூன்றாண்டு முடித்த அதிகாரிகளையும் சொந்த மாவட்டத்தில் இருப்பவர்களையும் ஆணையம் இடமாற்றம் செய்கிறது. தொடர்பு எண் பட்டியல் தேவைப்படும் வாரத்தில்தான் அதில் பாதி செத்துப்போகிறது. ஆகவே எண்கள் பதவியின் பெயரில் இருக்க வேண்டும், ஆளின் பெயரில் அல்ல. சிம் அலுவலக மேசையில் இருக்க வேண்டும். மெட்டா, கூகுள் நிறுவனங்களின் இந்தியக் குறைதீர் அதிகாரி, தென்னக ரயில்வே கட்டுப்பாட்டு அறை, அண்டை மாநிலங்களின் சைபர் பிரிவு, இந்தி தெரிந்த பணியாளர் என்று ஒவ்வொன்றுக்கும் மாற்று எண் ஒன்று. தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாள், இரவு 11 மணிக்கு, ஒவ்வொன்றையும் அழைத்துப் பார்த்து, எடுக்காதவற்றைச் சிவப்பில் குறித்து, காலை பத்து மணிக்குள் மாற்ற வேண்டும்.